ஹோட்டல் கலிஃபோர்னியாவுக்கு என் வரிசையில் நான்காம் இடம்

1976 முதல் 1979 வரை வந்த ராக் பாடல்களில் பிடித்த பத்தை வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். கூடவே, 'ஹோட்டல் கலிஃபோர்னியா'தானே முதலில் வரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் வரிசையில் அது நான்காவது. முதலிடம் டேவிட் போவியின் 'ஹீரோஸ்'. இரண்டாவது, டெலிவிஷன் என்ற நியூயார்க் குழுவின் 'மார்க்கீ மூன்'. மூன்றாவது, பிங்க் ஃபிளாய்டின் 'கம்ஃபர்டப்ளி நம்'. ஐந்தாவது டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்', ஆறாவது ஃபிளீட்வுட் மேக்கின் 'தி செயின்', ஏழாவது ஜாய் டிவிஷனின் 'ஷீஸ் லாஸ்ட் கண்ட்ரோல்', எட்டாவது தி கிளாஷின் 'லண்டன் காலிங்', ஒன்பதாவது பாட்டி ஸ்மித்தின் 'பிகாஸ் தி நைட்', பத்தாவது தி அண்டர்டோன்ஸின் 'டீனேஜ் கிக்ஸ்'.

வரிசை என்றால் அளவுகோல் வேண்டும். எத்தனை தட்டு விற்றது என்று நான் பார்க்கவில்லை. கிட்டார் வாசிப்பவரின் விரல் வேகத்தையும் பார்க்கவில்லை. ஒரு பாட்டு எங்கே தொடங்குகிறது, நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது, இடையில் எவ்வளவு தூரம் கடந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன். வானொலிக்காக எழுதப்படும் பாட்டு பெரும்பாலும் சுற்றிச் சுற்றி வரும்: சரணம், பல்லவி, மறுபடி சரணம், மறுபடி பல்லவி, பிறகு ஒலி தேய்ந்து முடிந்துவிடும். கேட்டு முடித்தபின் நாம் புறப்பட்ட இடத்திலேயேதான் நிற்போம். 70களின் தொடக்கத்தில் யெஸ், ஜெனிசிஸ் போன்ற குழுக்கள் இதை மீறி, ஒரே பாட்டை இசைத்தட்டின் ஒரு பக்கம் நிறையும் அளவுக்கு நீட்டின. 1976-ல் பங்க் என்ற முரட்டு, எளிய ராக் பாணி எழுந்து அந்த நீளத்தை மொத்தமாக உதறியது. மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), இரண்டரை நிமிடம், அதற்குமேல் எதுவும் வேண்டாம் என்றார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில்தான் எனக்குப் பிடித்த பாடல்கள் பிறந்தன. நீண்ட பயணத்தை ஐந்தாறு நிமிடத்துக்குள் அடக்க அந்த நான்கு ஆண்டுகளில் கற்றுக்கொண்டார்கள். பெரிய ஸ்டூடியோக்களில், 24 ஒலிகளைத் தனித்தனியே பதியும் 24 டிராக் டேப் பரவலாகியிருந்ததும் இதற்குக் கைகொடுத்தது. அடுக்கடுக்காகப் பதிவு செய்ய இடம் கிடைத்தது. எந்த அடுக்கு எப்போது வெளியே தெரியவேண்டும் என்று யோசிக்கவும் முடிந்தது.

ஆண்டு எல்லையில் நான் கறார். 'போஹீமியன் ராப்சடி' 1975, 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' 1980. இரண்டும் சேராது.

நீங்கள் கேட்டது 'ஹோட்டல் கலிஃபோர்னியா' தந்த ஈகிள்ஸ் குழுவைப் பற்றி என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். மாலிபு கடற்கரையில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், நான்கு டிராக் ரெக்கார்டரில் குழுவின் கிட்டார் கலைஞர் டான் ஃபெல்டர் இந்தப் பாட்டின் இசையைப் பதிந்து வைத்தார். வரிகள் அப்போது இல்லை. தாளத்தை விட்டுவிட்டுத் தட்டும் அந்தக் கிட்டாரைக் கேட்டுக் குழுவினர் 'மெக்சிகன் ரெகே' என்று தற்காலிகப் பெயர் வைத்தார்கள். ஃபெல்டர் பதிந்தது ஈ மைனர் என்ற சுரவரிசையில். பாடகர் டான் ஹென்லியின் குரலுக்கு அது ஒத்துவரவில்லை என்று பி மைனருக்கு மாற்றினார்கள். கிட்டார் கழுத்தின் ஏழாவது கட்டையில் (ஃபிரெட்) கேபோ என்ற கவ்வியைப் போட்டு வாசிக்கும் அந்தத் தொடக்கம் அப்படி வந்தது. மயாமியின் கிரைட்டீரியா ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு நடந்தபோது ஃபெல்டரும் ஜோ வால்ஷும் கடைசிப் பகுதிக்கு மனம்போனபடி புதிதாக வாசிக்கத் தொடங்கினார்கள். ஹென்லி நிறுத்திவிட்டார். முதலில் பதிந்து கொடுத்த கேசட்டில் இருந்தது போலவே வேண்டும் என்றார். கேசட்டோ கலிஃபோர்னியாவில் ஃபெல்டரின் வீட்டில் இருந்தது. வீட்டு வேலை பார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் கேசட்டைப் போட்டு ரிசீவரை அதன் அருகில் பிடிக்கச் சொன்னார் ஃபெல்டர். மயாமியில் அதைப் பதிவு செய்து, கேட்டுத் தன் வாசிப்பையே மறுபடி கற்றுக்கொண்டார்.

அந்தக் கடைசி இரண்டு நிமிடங்களுக்கு நிகராக இரட்டைக் கிட்டார் வாசிப்பு அந்தக் காலத்தில் மிகக் குறைவு. முதலில் ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வதுபோல் மாறி மாறி வாசிக்கிறார்கள். பிறகு இருவரும் இணைந்து, சுர இடைவெளி குலையாமல் படிப்படியாக இறங்குகிறார்கள். ஆறரை நிமிடப் பாட்டு வானொலிக்கு ஒத்துவராது என்று இசைத்தட்டு நிறுவனம் கவலைப்பட்டும் குழு வெட்ட மறுத்தது. 1977 மே மாதம் அமெரிக்காவில் முதலிடம், அடுத்த ஆண்டு கிராமி. பிறகு ஏன் நான்காம் இடம்? சரணத்தில் வரும் அதே எட்டு கார்டுகளின் வட்டத்தின் மேல்தான் அந்த முடிவும் நிற்கிறது. வெளியேற முடியாத விடுதியைப் பற்றிய பாட்டுக்கு அது மிகப் பொருத்தம், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சுரமும் முன்கூட்டியே முடிவானது. மேடையிலும் அதையே பிசகாமல் வாசிக்கிறார்கள். எத்தனை முறை கேட்டாலும் அந்தக் கைத்திறன் மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. அடுத்து என்ன ஆகுமோ என்ற பதற்றம் மட்டும் வருவதில்லை. மேலே உள்ள மூன்று பாடல்களிலும் அது இருக்கிறது.

கீழ்ப்பகுதிக்கு வருகிறேன். 'டீனேஜ் கிக்ஸ்' வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்துப் பையன்கள் 1978-ல் பெல்ஃபாஸ்ட்டில் பதிந்தது. அந்த ஊரின் தெருக்களில் அப்போது ராணுவம் நின்றிருந்தது. இவர்கள் பாடியதோ பக்கத்துத் தெருப் பெண் மேல் வந்த ஆசையை. பி.பி.சி. வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் இதை ஒலிபரப்பி முடித்ததும் உடனே இன்னொரு முறை போட்டார். அவருடைய கல்லறைக் கல்லில் இந்தப் பாட்டின் ஒரு வரிதான் பொறித்திருக்கிறது. இரண்டரை நிமிடத்தில் எங்கும் போகாத பாட்டு, என் அளவுகோலுக்கு அடங்காது. பாடகர் ஃபியர்கல் ஷார்க்கியின் அந்த நடுங்கும் குரலுக்காக ஓர் இடம் ஒதுக்கினேன்.

'பிகாஸ் தி நைட்' இரண்டு பேர் ஆளுக்குப் பாதி எழுதியது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனிடம் மெட்டும் பல்லவியும் இருந்தன, சரணம் கைகூடவில்லை. இருவரின் ஒலிப்பதிவிலும் வேலை பார்த்த ஜிம்மி அயோவின் அந்த டேப்பைப் பாட்டி ஸ்மித்திடம் கொடுத்தார். டெட்ராய்ட்டில் இருந்த காதலரின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்த இரவில் அவர் டேப்பைப் போட்டுக் கேட்டு, சரணங்களை எழுதி முடித்தார். தொலைபேசி அந்த வரிகளுக்குள்ளேயே வருகிறது. தனிப் பியானோவில் தொடங்கி, பல்லவியில் மொத்தக் குழுவும் வந்து இறங்குவதைக் கேளுங்கள். ஆணின் ஆசையாகத் தொடங்கிய மெட்டு காத்திருக்கும் பெண்ணின் குரலாக மாறியதும் அதன் எடையே வேறாகிவிட்டது.

'லண்டன் காலிங்' 1979 டிசம்பரில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பி.பி.சி. தன் வெளிநாட்டு ஒலிபரப்பைத் தொடங்கும் அறிவிப்பிலிருந்து எடுத்த பெயர். குழுவின் பாடகர் ஜோ ஸ்டிரம்மர் துருக்கியின் அங்காராவில் பிறந்தவர். அவருடைய அப்பா பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தவர், இந்தியாவில் பிறந்தவர். உலகத்தை வானொலிச் செய்தியாகக் கேட்கும் பழக்கம் அப்படிப்பட்ட வீட்டில் இயல்பாகவே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது. தேம்ஸ் நதி பெருகி லண்டன் மூழ்கும் என்ற அச்சமும் அப்போது இருந்தது, வெள்ளத் தடுப்பு அணை கட்டி முடிந்திருக்கவில்லை. இரண்டும் பாட்டுக்குள் இருக்கின்றன. மைனர் கார்டுகளை ஒவ்வோர் அடியிலும் குத்தும் கிட்டார், அதற்குக் கீழே பால் சிமோனனின் பேஸ் (கீழ்ச்சுரக் கிட்டார்) மெல்ல உறுமிக்கொண்டே இறங்குகிறது. கடைசியில் எல்லாம் அடங்கி, மிக் ஜோன்ஸின் கிட்டாரில், ஒலிபெருக்கியின் சத்தம் திரும்பிவந்து எழுப்பும் ஃபீட்பேக் மட்டும் மோர்ஸ் தந்தியில் அபாயக் குறியைத் தட்டுகிறது. ஊருக்கே எச்சரிக்கை விடுத்த குரல் முடிவில் தானே உதவி கேட்கிறது.

இந்தக் குழுவுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. இலங்கைத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்து லண்டனில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007-ல் தந்த 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக்கு அடித்தளமே தி கிளாஷ் 1982-ல் பதிந்த 'ஸ்டிரெய்ட் டு ஹெல்' பாட்டின் துண்டுதான். அந்த மூலப்பாட்டும் புலம்பெயர்ந்தவர்களைப் பற்றியது, அவருடையதும் அதே பொருள். என்ன எடுக்கிறோம் என்று தெரிந்தே எடுத்திருக்கிறார்.

ஏழாவது இடத்தில் உள்ள 'ஷீஸ் லாஸ்ட் கண்ட்ரோல்' பாட்டை என் அளவுகோலுக்கு எதிர்சாட்சியாகவே வைத்திருக்கிறேன். இது எங்கேயும் போகாது. பீட்டர் ஹூக் பேஸ் கிட்டாரின் மேல் கம்பிகளில் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். தொடக்க நாட்களில் அவருடைய மட்டமான ஆம்ப்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) கீழ்ச்சுரங்கள் காதில் விழாததால், தன் வாசிப்பு தனக்கே கேட்கவேண்டும் என்று மேலே ஏறி வாசித்துப் பழகியவர். அதுவே அவருடைய பாணியாகிவிட்டது. 1979-ல் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், ஒரு டிரம்மின் ஒலி இன்னொன்றோடு கலக்கவே கூடாது என்று ஸ்டீபன் மோரிஸைப் பாடாய்ப் படுத்தினார். அதனால்தான் ஒவ்வோர் அடியும் ஆளில்லாத கூடத்தில் தனியாக விழுவதுபோல் கேட்கிறது.

குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் அப்போது மாக்கிள்ஸ்ஃபீல்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில், உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு வேலை தேடித்தரும் பணியில் இருந்தார். அங்கே வந்துபோன ஓர் இளம்பெண்ணுக்கு வலிப்பு நோய். பின்னர் அந்தப் பெண் இறந்துபோனார். அந்த நினைவிலிருந்து எழுதிய பாட்டு இது. 1978 டிசம்பர் இறுதியில், லண்டன் கச்சேரி முடிந்து ஊர் திரும்பும் காரில் கர்ட்டிஸுக்கே முதல் பெரிய வலிப்பு வந்தது. இன்னொருவரைப் பார்த்து இரங்கி எழுதியதை, பிறகு மேடையில் தன் கதையாகவே பாடவேண்டியிருந்தது. 1980 மே 18-ல், 23 வயதில், அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இசை ஏன் இடம்விட்டு நகரவில்லை என்பது இதையெல்லாம் அறிந்தபின் விளங்கும். அந்த உடலிலிருந்து வெளியேற அவருக்கு வழி இல்லை, பாட்டுக்கும் இல்லை. பயணமே இல்லாததுதான் இங்கே பொருள் என்பதால் இதற்கு விலக்கு அளிக்கிறேன்.

'தி செயின்' கதை பலருக்கும் தெரிந்திருக்கும், சுருக்கமாகவே சொல்கிறேன். ஃபிளீட்வுட் மேக்கின் ஐவரில் ஜான் மெக்வீயும் கிறிஸ்டின் மெக்வீயும் மணவிலக்கில், லிண்ட்சி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் பிரிவில், மிக் ஃபிளீட்வுட்டின் குடும்பமும் உடைந்துகொண்டிருக்கிறது. எல்லோரும் ஒரே ஸ்டூடியோவில் முகம் பார்த்து வேலை செய்யவேண்டும். 'ரூமர்ஸ்' ஆல்பத்தில் ஐந்து பேரும் சேர்ந்து எழுதியதாகப் பெயர் போட்ட பாட்டு இது ஒன்றே. கிறிஸ்டின் எழுதிக் கைவிட்ட வேறொரு பாட்டின் கடைசிப் பகுதியை வைத்துக்கொண்டு, முன்பகுதியைப் புதிதாகச் செய்து, டேப்பை வெட்டி ஒட்டினார்கள். நடுவில் எல்லாம் நின்று ஜான் மெக்வீயின் பேஸ் மட்டும் தனியாக எழும் இடம்தான் அந்த ஒட்டு. அதற்கு முன்னால் இருப்பது கசப்பு, பின்னால் வருவது பாய்ச்சல். பி.பி.சி. பல ஆண்டுகள் ஃபார்முலா 1 கார்ப் பந்தய நிகழ்ச்சிக்கு அந்தப் பேஸையே அடையாள இசையாக வைத்திருந்தது.

ஐந்தாம் இடத்துக்காரர் மார்க் நாப்ஃளர் முன்னாள் பத்திரிகை நிருபர், பிறகு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். அந்த நிருபரின் கண் 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' முழுக்கத் தெரிகிறது. மழை இரவு, லண்டனில் ஏதோ ஒரு பப், கேட்க ஆளில்லாமல் வாசிக்கும் பழைய பாணி ஜாஸ் குழு. கச்சேரி முடிந்ததும் ராஜகம்பீரமான பெயரைத் தங்கள் பெயராக அறிவித்துவிட்டுப் போகிறார்கள். முதலில் உலோக உடல் கொண்ட நேஷனல் கிட்டாரில் எழுதியபோது இந்தப் பாட்டு அவருக்கே சப்பென்று இருந்ததாம். 1977-ல் ஸ்டிராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டார் வாங்கியதும் கார்டுகளே வேறாக வந்தன. மீட்டுகோல் இல்லாமல் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் கம்பியைச் சுண்டுவார் என்பதால், ஒவ்வொரு சுரமும் பேச்சின் அசை மாதிரி அழுந்தியும் தளர்ந்தும் விழும். சரணத்தின் ஒவ்வொரு வரிக்கும் கிட்டார் ஒரு பதில் சொல்கிறது. கடைசி சோலோவில் (தனி வாசிப்பில்) பதில் சொல்லிக்கொண்டிருந்தது தானே பேச்சை எடுத்துக்கொள்கிறது.

பாத்வே ஸ்டூடியோவில் குறைந்த செலவில் பதிந்த டேப்பைச் சார்லி கில்லெட் தன் லண்டன் வானொலி நிகழ்ச்சியில் போட்டார், நிறுவனங்கள் தேடி வந்தன. 1978-ல் சிங்கிளாக (தனிப்பாட்டுத் தட்டாக) வந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. 1979-ல் மறுபடி வெளியிட்டதும் அமெரிக்காவில் 4-ஆம் இடம், பிரிட்டனில் 8. நகரமே பங்க் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, காலம் தாண்டிப்போன வாத்தியக்காரர்களைப் பற்றி, காலத்துக்கு ஒட்டாத ஒரு குழு பாடியது. எனக்கு இந்தப் பாட்டின் மேல் உள்ள பாசம் அதில்தான்.

சேராமல் போனவை: குவீனின் 'வீ வில் ராக் யூ' பதினொன்றாவது. கால்களும் கைகளும் மட்டுமே தாளமாக ஓடி, கடைசி அரை நிமிடத்தில்தான் பிரையன் மேயின் கிட்டார் வருகிறது. அந்தத் துணிச்சலை மெச்சுகிறேன். பாஸ்டன் குழுவின் 'மோர் தேன் எ ஃபீலிங்' பெரும்பகுதி, போலராய்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த டாம் ஷோல்ஸ் தன் வீட்டு நிலவறையில் தனியாகப் பதிந்தது. சுத்தமான வேலை, ஆனால் எனக்கு அதன் பளபளப்பு சற்று அதிகம். வான் ஹேலனின் 'எரப்ஷன்' கிட்டார் வாசிப்பையே மாற்றியது, அதைப் பாட்டு என்று சொல்ல மனம் வரவில்லை. ஏசி/டிசி, ரோலிங் ஸ்டோன்ஸ் ரசிகர்கள் கோபிக்கலாம். இரண்டு குழுக்களையும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அவர்களின் பலம் ஒரே இடத்தில் ஊன்றி நிற்பது.

இனி மேல் மூன்று.

1977 ஜூனில் ஃபிலடெல்ஃபியா கச்சேரிக்கு முன் பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. மருத்துவர் ஊசி போட்டு மேடைக்கு அனுப்பினார். கை மரத்துப்போன நிலையில் வாசித்து முடித்த அந்த இரவிலிருந்து 'கம்ஃபர்டப்ளி நம்' வரிகள் வந்தன. மெட்டு, குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் தன் தனி ஆல்பத்தின்போது போட்டு வைத்திருந்தது. எப்படிப் பதிவது என்பதில் இருவருக்கும் கடும் சண்டை. ஆர்கெஸ்ட்ரா நிறைந்த வடிவம் ஒன்று, கிட்டார் முரடாக நிற்கும் வடிவம் ஒன்று. கடைசியில் இரண்டையும் பங்குபோட்டுச் சேர்த்தார்கள். அந்தச் சண்டையே பாட்டின் அமைப்பாகிவிட்டது. சரணம் மருத்துவர் பேசும் மைனர், பல்லவி நோயாளி மிதக்கும் மேஜர். இரண்டு குரல்கள், இரண்டு உலகங்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்கு எட்டவே இல்லை. முதல் சோலோ அந்த மிதப்புக்குள்ளேயே நிகழ்கிறது. இரண்டாவது சோலோ மைனருக்கு வந்து, வார்த்தையில் சொல்ல முடியாமல்போன வலி முழுவதையும் வெளியே கொட்டுகிறது. கில்மோர் ஐந்தாறு முறை வாசித்து, நல்ல பகுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி இதைக் கோத்தார். ஒட்டு எங்கே என்று எனக்கு இன்றுவரை காதில் படவில்லை. மரத்துப்போனவனைப் பற்றிய பாட்டில் உணர்ச்சி மொத்தமும் வாத்தியத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

'மார்க்கீ மூன்' நம்மிடையே அதிகம் கேட்கப்படாத பாட்டு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நியூயார்க்கின் சி.பி.ஜி.பி. என்ற சிறிய மதுக்கூடத்தில் வளர்ந்த குழு டெலிவிஷன். டாம் வெர்லெயினும் ரிச்சர்ட் லாய்டும் கிட்டார், ஃபிரெட் ஸ்மித் பேஸ், பில்லி ஃபிக்கா டிரம்ஸ். அந்த இடத்தோடு சேர்த்துப் பங்க் என்று இவர்களையும் அழைத்தார்கள், ஆனால் பங்க் குழுக்கள் பொதுவாகப் பத்து நிமிடப் பாட்டை வாசிப்பதில்லை. லெட் ஸெப்பெலினோடும் ஸ்டோன்ஸோடும் வேலை செய்த ஆண்டி ஜான்ஸ் ஒலிப்பதிவைக் கவனித்தார். அந்தக் குழுக்களின் தடித்த ஒலி இதில் துளிகூட இல்லை. கிட்டார் மெலிந்து, உலர்ந்து, கம்பி கம்பியாகத் தெரிகிறது. இந்தத் தலைப்புப் பாட்டை ஒரே டேக்கில் பதிந்தார்கள். ஒத்திகை நடக்கிறது என்றே ஃபிக்கா நினைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை எடுக்கலாம் என்று ஜான்ஸ் சொன்னதற்கு வெர்லெயின் வேண்டாம் என்றுவிட்டார்.

தொடக்கத்தில் ஒரு கிட்டார் இடது பக்கம் இரண்டு சுரங்களைத் தட்டிக்கொண்டேயிருக்கிறது. மற்றது அதன் மேல் சின்னக் கமகம் போல் ஒன்றை இழைக்கிறது. பேஸ் வருகிறது, டிரம்ஸ் வருகிறது, எல்லோரும் வேறு வேறு இடத்தில் அடி போடுகிறார்கள். சில விநாடிகள் எது முதல் அடி என்றே பிடிபடாது, பிறகு சட்டென்று பூட்டு விழும். லாய்டின் சோலோ குறுகியது, கட்டுக்கோப்பானது. மூன்றாம் பல்லவிக்குப் பின் வெர்லெயின் தொடங்குகிறார். ஆலாபனையில் பாடகர் ஒரு சுரத்தில் நின்று, சுற்றிப் பார்த்து, அடுத்த சுரத்துக்கு நகர்வது நமக்குப் பழக்கம். இவர் செய்வது கிட்டத்தட்ட அதுதான். அவசரமே கிடையாது. ஒரு சொற்றொடரைப் போட்டு, அதைத் திருப்பி, நீட்டி, அதிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிக்கிறார். ஃபிக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்து மேலே தள்ளுகிறார். கடைசியில் நான்கு பேரும் ஒரே சுரவரிசையைச் சேர்ந்து படி ஏறுகிறார்கள். உச்சியைத் தொட்டதும் தாளம் கலைந்து, சுரங்கள் மட்டும் சிதறி மினுங்குகின்றன. அந்த இடத்தில் பாட்டு முடிந்துவிட்டதென்றே தோன்றும். முடியவில்லை. தொடக்கத்தில் கேட்ட அதே இரண்டு சுரம் மறுபடி தட்டத் தொடங்குகிறது, முதல் சரணத்தையே பாடுகிறார். சொல் மாறவில்லை, மெட்டு மாறவில்லை, ஆனால் நடுவில் அவ்வளவு தூரம் போய்வந்தபின் அதே சரணம் வேறொன்றாகக் காதில் விழுகிறது.

1977 பிப்ரவரியில் ஆல்பம் வந்தபோது அமெரிக்கா கவனிக்கவில்லை, பிரிட்டனில் 28-ஆம் இடம்வரை போனது. வெர்லெயின் 2023 ஜனவரியில் காலமானார். பிறகு வந்த எத்தனையோ கிட்டார் குழுக்களில் அவருடைய சாயல் இருக்கிறது.

'ஹீரோஸ்' முதலிடம் பெறக் காரணம், இங்கே பயணம் செய்வது மனிதக் குரல். 1977 கோடையில் மேற்கு பெர்லினின் ஹான்சா ஸ்டூடியோவில் பதிந்தார்கள். கட்டுப்பாட்டு அறை ஜன்னலிலிருந்து பெர்லின் சுவரும் அதன் காவல் கோபுரமும் தெரியும். கார்லோஸ் அலோமார் கிட்டார், ஜார்ஜ் மரே பேஸ், டென்னிஸ் டேவிஸ் டிரம்ஸ் மூவரும் அடித்தளம் போட்டார்கள். பிரையன் ஈனோ சிந்தசைசரில் நடுங்கும் ஒலிப்படலம் ஒன்றைச் சேர்த்தார். கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினார். ஆம்ப்பிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றால் எந்தச் சுரம் ஃபீட்பேக்காக எழும் என்று கண்டுபிடித்து, தரையில் நாடா ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, இடம் மாறி மாறி நின்று வாசித்தார். மூன்று முறை வாசித்ததில் எந்த ஒன்றும் தனியாக முழுமையாக இல்லை. தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டி மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டபோதுதான் அந்த நீண்டு ஒலிக்கும் அழுகை கிடைத்தது.

பாட்டு வரி கடைசிக் கட்டம்வரை எழுதப்படாமல் இருந்தது. எழுதத் தனிமை வேண்டும் என்று போவி மற்றவர்களை வெளியே அனுப்பினார். ஜன்னல் வழியே பார்த்தபோது, சுவரருகே விஸ்கோன்டியும் பின்னணி பாட வந்த அன்டோனியா மாஸும் முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். விஸ்கோன்டி அப்போது திருமணமானவர் என்பதால், பாட்டில் வரும் காதலர்கள் யார் என்பதைப் போவி பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை.

குரலைப் பதிந்த முறைதான் என்னை ஒவ்வொரு முறையும் பிரமிக்க வைக்கிறது. விஸ்கோன்டி மூன்று மைக் வைத்தார். ஒன்று வாய்க்கு 9 அங்குலத்தில், ஒன்று 20 அடியில், ஒன்று கூடத்தின் மறுகோடியில் 50 அடியில். தூரத்து இரண்டுக்கும் கேட் என்னும் கருவி போட்டிருந்தது; குறிப்பிட்ட அளவுக்கு மேல் சத்தம் எழுந்தால்தான் அவை திறக்கும். தொடக்கச் சரணங்களில் போவி கிட்டத்தட்டப் பேசுகிறார், அருகில் உள்ள மைக் மட்டும் கேட்கிறது. குரல் வலுக்கும்போது இரண்டாவது திறக்கிறது. பாதிக்குப் பின் அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே எடுத்துக் கத்திப் பாடும்போது மூன்றாவதும் திறந்து, மொத்தக் கூடமும் அவரோடு சேர்ந்து முழங்குகிறது. அந்த மைக்கை எட்டவேண்டுமென்றால் அவர் உண்மையாகவே கத்தவேண்டும், வேறு வழி கிடையாது. எந்தக் குமிழைத் திருகியும் அந்த ஏற்றத்தைப் பின்னால் உண்டாக்கியிருக்க முடியாது. ஒரு நாளைக்கு மட்டும் வீரர்களாக இருக்கலாம் என்று சொல்லும் பாட்டில், அந்த ஒரு நாளுக்காக மனிதன் எவ்வளவு முயலவேண்டும் என்பதை ஒலியின் அமைப்பே காட்டுகிறது.

வந்தபோது பிரிட்டனில் 24-ஆம் இடத்தோடு நின்றது. 1987 ஜூன் 6-ல் மேற்கு பெர்லினில், சுவரை ஒட்டியிருந்த பழைய நாடாளுமன்றமான ரைஷ்டாக் கட்டடத்தின் முன் போவி இதைப் பாடியபோது, சுவருக்கு அப்பால் கிழக்கு பெர்லின்காரர்கள் திரண்டு நின்று கேட்டார்கள், சேர்ந்து கூவியதும் மேடைவரை கேட்டது. 2016-ல் அவர் இறந்தபோது, சுவரை வீழ்த்த உதவியதற்காக ஜெர்மனி வெளியுறவுத் துறை நன்றி தெரிவித்தது.

கேட்கப்போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு வேண்டுகோள். 'ஹீரோஸ்' பாட்டைச் சிங்கிளுக்காக மூன்றரை நிமிடமாக வெட்டிய வடிவில் கேட்காதீர்கள். குரல் ஏறிவரும் படிகளில் பாதி அதில் இருக்காது. ஆல்பத்தில் உள்ள ஆறு நிமிட வடிவமே வேண்டும், ஹெட்ஃபோனில் கேட்டால் மைக்குகள் திறக்கும் இடங்கள் தெளிவாகத் தெரியும். 'மார்க்கீ மூன்' பழைய இசைத்தட்டில் பத்து நிமிடத்துக்குள் தேய்ந்து முடிந்துவிடும். பின்னர் வந்த மறுபதிப்பில் 10 நிமிடம் 40 விநாடி ஓடும் முழு வடிவம் இருக்கிறது, அதைத் தேடி எடுங்கள்.